பழகின தோசைக்கல்லைப் பறிகொடுத்தவர்கள் உண்டா?

கல்லிடைக்காரி:
அம்மா 20 வருடம் தோசை வார்த்த கல். சீர் பாத்திரமெல்லாம் பரணில் கிடக்க, இதை மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். போன வாரம் நாலு நாள் ஊருக்குப் போயிருந்தபோது, வந்ததும் சந்தோஷப்படுவாள் என்று வீட்டுக்காரர் கம்பி நார் போட்டுத் தேய்த்து மொட்டை மாடியில் காயவைத்திருக்கிறார். நடுவில் எவர்சில்வர் தட்டு மாதிரி பளபளப்பு, ஓரமெல்லாம் செங்கல் நிறத்தில் துரு. "எவ்வளவு அழுக்கு தெரியுமா, நாலு தண்ணியும் கறுப்பாகவே போச்சு" என்கிறார், முகமெல்லாம் பெருமை. ஒன்றும் சொல்லாமல் போய்க் குளித்துவிட்டு வந்தேன். மறுநாள் முதல் தோசையைச் சுரண்டி எடுத்து மாடியில் காக்காய்க்கு வைத்தேன்.

அரைவேக்காடு:
உங்களுக்காவது வீட்டுக்காரர் செய்தார், நான் நானே செய்துகொண்டேன். புது வார்ப்பிரும்புக் கல், எண்ணெய் நிறைய விட்டால் சீக்கிரம் பழகும் என்று ஒரு குழிக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றிக் காய்ச்சி, ஆறினதும் செய்தித்தாளில் சுற்றி வைத்துவிட்டேன். காலையில் பிரித்தால் ராசிபலன் பாதி கல்லோடு போய்விட்டது. என் ராசியும் அதில்தான் இருந்தது. சுரண்டச் சுரண்ட பலாப்பழப் பால் மாதிரி பிசின்.

மாமியார் மெச்சிய மருமகன்:
கல்லிடைக்காரி அக்கா, கவலைப்படாதீர்கள், கல் எங்கும் போகவில்லை. எனக்கும் ஒருமுறை ஆம்லெட் ஒட்டி, விருந்தாளி முன்னால் மானம் போனது, அவ்வளவுதான் என் கதை. இப்போது செய்ய வேண்டியது: துருவைத் தேய்த்துக் கழுவிவிட்டு உடனே அடுப்பில் வையுங்கள், ஈரம் துளி இருக்கக்கூடாது. அப்புறம் ஒரு டீஸ்பூன் எண்ணெய், அதற்கு மேல் வேண்டாம். துணியால் எல்லா இடமும் தடவி, தெரியாமல் எண்ணெய் பட்டுவிட்டது போல் அத்தனையையும் துடைத்து எடுத்துவிடுங்கள். துடைத்த பிறகும் ஒரு படலம் நிற்கும், அதுதான் வேண்டும். புகை வரும்வரை காயவிட்டு, புகை அடங்கியதும் ஆறவையுங்கள். இப்படி நாலைந்து தடவை. அந்தச் சூட்டில் எண்ணெய் எண்ணெயாக இருக்காது, பெயின்ட் காய்வது மாதிரி இரும்போடு இறுகிவிடும். கனமாகப் பூசினால் மேலே மட்டும் தோல் கட்டும், உள்ளே பிசின், அரைவேக்காடு நண்பருக்கு நடந்தது அதுதான். முதல் வாரம் வெங்காயம் வதக்குங்கள், ஊத்தப்பம் போடுங்கள். புளி, தக்காளி பக்கமே போகாதீர்கள், புளிப்பு அந்தப் பூச்சைத் தின்றுவிடும். அந்தக் கல்லில் சப்பாத்தியும் வேண்டாம், எண்ணெயே இல்லாமல் வெறும் சூட்டில் காய்ந்து மறுநாள் தோசை பிடிக்கும்.

நெல்லுச்சோறு:
தம்பி, இவ்வளவு பாடம் எதற்கு? எங்கள் ஆத்தா புதுக்கல்லைக் கழுநீரில் மூன்று நாள் போட்டு வைக்கும், தினம் தண்ணி மாற்றும். அப்புறம் வெங்காயத்தைப் பாதியாக வெட்டி எண்ணெயில் தொட்டுத் தேய்க்கும், தோசை தானாக வரும். புகையும் கிடையாது, பெயின்டும் கிடையாது.

மாமியார் மெச்சிய மருமகன்:
ஆத்தா முதல் தோசையை யாருக்குக் கொடுப்பார்கள்?

நெல்லுச்சோறு:
நாய்க்கு. அதெல்லாம் கணக்கில் வராது.

உலைக்காரன்:
கோவையில் வார்ப்படப் பட்டறையில் 11 வருடம் இருந்தவன், என் வீட்டுக் கல்லை நானே உடைத்தேன். தோசை சுட்டு முடித்த கையோடு, சூடு ஆறாமல், குழாயில் காட்டினேன். டணார் என்று ஒரு சத்தம், கோவில் மணியில் கல் விழுந்த மாதிரி. விளிம்பிலிருந்து நடுவரைக்கும் மயிரிழை போல் ஒரு கோடு, அதன் வழியே தண்ணி சொட்டு சொட்டாக அடியில் இறங்கியது. வார்ப்பிரும்பில் கரி, அதாவது கார்பன், 2 சதவீதத்துக்கு மேல் இருக்கும், வளையத் தெரியாது, விரிசல் விடத்தான் தெரியும். இதைப் பட்டறையில் புதுப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்ததே நான்தான். இரும்புத் தகட்டில் செய்த கல் என்றால் கொஞ்சம் நெளியும், பிழைத்துக்கொள்ளும். சோப்பு போடலாமா என்று அடுத்து சண்டை வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன்: பூச்சு நன்றாக இறுகியிருந்தால் பாத்திரம் தேய்க்கிற திரவ சோப்பு ஒன்றும் செய்யாது. ஊறப்போடுவதுதான் கெடுதல்.

கல்லிடைக்காரி:
எல்லோருக்கும் நன்றி. இன்றோடு அஞ்சாவது நாள். ஊத்தப்பம் வருகிறது, தோசை நடுவில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு இன்னும் பிடிக்கிறது. கழுநீர் வைத்தியம் செய்யவில்லை, ஆத்தா மன்னிக்கட்டும். கம்பி நாரைக் குப்பையில் போட்டுவிட்டேன், அவர் காலையிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறார்.