மாந்தோப்பு வீடு குழு: நாலு ரூம், ராத்திரி 11:59 வரைக்கும் டைம்

சுமதி (தருமபுரி) 7:41
பிரபு, சித்தப்பா அறுபதாம் கல்யாணம் முடிஞ்சு போறதுக்கு ஈசிஆர்ல ஒரு ஓட்டல் போட்டிருக்கியே, காசு முழுசா கட்டிட்டியா? நாங்க நேத்துதான் அங்கருந்து வந்தோம். கட்டாம இரு.

பிரபு (பெங்களூரு) 7:43
அட்வான்ஸ்தான்க்கா போயிருக்கு. இன்னிக்கி ராத்திரி 11:59க்குள்ள கேன்சல் பண்ணா முழுசா திரும்ப வரும். தாண்டினா ஒரு நாள் வாடகை போச்சு. என்ன ஆச்சு?

சுமதி 7:44
[படம்] [படம்] [படம்] [வீடியோ 0:19]

சுமதி 7:47
ஒரு ராத்திரிக்கு 9,500. மேல ஜிஎஸ்டி 18 பர்சன்ட் சேத்தா 11,210. ஏசி 18ல வச்சாலும் ரூம் 28க்குக் கீழ எறங்கவே இல்ல. உள்ள பூரா பூசண வாசன. ஷவர்ல உப்புத் தண்ணி. கடல் தெரியற ரூமுன்னு போட்டிருந்துச்சு, பால்கனி மூலையில நின்னு எட்டிப் பாத்தா நீச்சல் குளத்துக்கு அந்தாண்ட கொஞ்சூண்டு தெரியுது. பீச்சுக்கு எறங்கற படிய கயிறு கட்டி மூடிட்டாங்க. ரூம் மாத்திக் குடுங்கன்னா ஃபுல்லுன்னுட்டாங்க.

சித்தப்பா (பாலக்கோடு) 7:48
எனக்கு எதுக்குப்பா இவ்ளோ செலவு

சித்தி (பாலக்கோடு) 7:48
நீங்க சும்மா இருங்க

பெரியப்பா (காவேரிப்பட்டணம்) 7:50
மொத்தம் எத்தினி

பிரபு 7:51
நாலு ரூம், ஜூன் 13, 14 ரெண்டு ராத்திரி. வரியோட 89,680 பெரியப்பா

பெரியப்பா 7:51
89,680

ஓசூர் மாமா 7:58
சுமதி, படத்த பெருசாக்கிப் பாத்தேன். ரெண்டாவது படத்துல பால்கனியில இருக்கற ஏசி அவுட்டோர் யூனிட்ட, அதான் வெளிய சூட்ட விடற பெட்டிய, எல்லாரும் பாருங்க. பின்பக்கத் தகடு வெள்ளப் பொடியா உதிர்ந்து கெடக்குது. ஏசி கூல் ஆகாததுக்குக் காரணம் அதான். உள்ள ஓடறது செம்புக் குழாய், அதச் சுத்தி இருக்கறது அலுமினியத் தகடு. கடக்காத்துல வர்ற உப்பும் ஈரமும் ரெண்டுக்கும் நடுவுல ஒக்காந்தா அலுமினியம் அரிச்சுக் குழாய விட்டு கழண்டுடும். அப்புறம் சூடு வெளிய போகாது, பிரஷர் ஏறும், கம்ப்ரசர் ஓவர்லோடு ஆகி நிக்கும், ஆறினதும் திரும்ப ஓடும், திரும்ப நிக்கும். மெக்கானிக் வந்து கேஸ் கம்மின்னு அடிச்சிட்டுப் போவான். கேஸ் அடிச்சா இது சரியாகாது, குழாயும் தகடும் சேந்த காயிலயே மாத்தணும். கடலோரத்துல மாசம் ஒரு தடவையாவது நல்ல தண்ணியில அவுட்டோர கழுவி விடணும், பூச்சு போட்ட காயிலா வாங்கணும். செம்புக் காயில்னு சொல்லி வித்தாலும் தகடு அலுமினியந்தான், அத மறந்துடாதீங்க.

பெரியப்பா 7:59
மாப்ளே சுருக்கமா. போலாமா வேணாமா

ஓசூர் மாமா 8:00
வரேன் மச்சான்

ஓசூர் மாமா 8:06
பூசண வாசன தனி விஷயம். அது ஏசியால மட்டும் வர்றதில்ல. வீடியோவுல பால்கனிக் கதவுக்கு அடியில வெளிச்சம் தெரியுது பாருங்க, ரப்பர் பீடிங் போயிடுச்சு. ஈரக்காத்து நாள் பூரா உள்ள வரும். கெஸ்ட் இல்லாதப்போ ரூம் சாவி கார்டு எடுத்ததும் கரண்ட் கட், ஏசியும் கட். ஈரம் செவுத்துலயும் மெத்தையிலயும் ஏறிக்கும். அடுத்த கெஸ்ட் வந்து 18ல வச்சதும் குளுந்த செவுத்துல தண்ணி பூக்கும், அதுல பூசணம் புடிக்கும். ரூம் ஸ்பிரே அடிச்சு மறைக்கத்தான் பாப்பாங்க. திரைத்துணிய மோந்து பாத்தாலே தெரிஞ்சிடும், ஸ்பிரே வாசன போனாலும் துணியில பூசணம் நிக்கும்.

ஓசூர் அத்தை 8:07
இவருக்கு ஒரு படம் அனுப்புனா போதும்

சித்தி 8:08
அண்ணே நல்லதுதான் சொல்றாரு, சொல்லட்டும். தண்ணி ஏண்ணே உப்பு?

ஓசூர் மாமா 8:13
போர் தண்ணி தங்கச்சி. கடலோரத்துல நல்ல தண்ணி மேலாப்புல கொஞ்சந்தான் நிக்கும், கீழ உப்புத் தண்ணி. ஓட்டல் பெருசாகி மோட்டார் அதிக நேரம் ஓடுனா கீழ இருக்கறது மேல ஏறிக்கும். குடிக்கற தண்ணிக்கு ஐஎஸ் 10500ங்கற இந்தியத் தரக் கணக்குப்படி டிடிஎஸ், அதான் தண்ணியில கரைஞ்ச உப்பு, லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும், வேற வழியே இல்லாட்டி 2,000 வரைக்கும். குளிக்கறதுக்கு அந்தக் கணக்கு கெடையாது, அதனால உப்ப வடிகட்டற ஆர்ஓ பிளான்ட் வச்சாலும் கிச்சனுக்கு மட்டும் விட்டுட்டு பாத்ரூமுக்கு போர விட்டுடுவாங்க. சோப்பு நொரைக்கல, தலை சிக்கு விழுதுன்னா அதான். கெய்சரும் சீக்கிரம் போகும். 15 லிட்டர் கெய்சர் 2 கிலோவாட்டுல 20 நிமிஷத்துல சூடாகணும், எலிமென்ட்ல உப்பு படிஞ்சா அரை மணியானாலும் வெதுவெதுன்னுதான் வரும்.

சுமதி 8:14
ஆமா மாமா, வெந்நீ வரவே இல்ல

ஓசூர் அத்தை 8:16
தண்ணி பத்தி நம்ம ஜில்லாக்காரங்களுக்கா சொல்லணும். ஃப்ளோரைடு தண்ணி குடிச்சுப் பல்லு காவி புடிச்சவங்க இந்தக் குரூப்லயே இருக்காங்க. ஒகேனக்கல் தண்ணி வந்தப்புறந்தான் புள்ளைங்க பல்லு வெள்ளையா இருக்குது. அண்ணி, பாலக்கோட்டுல இப்ப ஒழுங்கா வருதா?

சித்தி 8:17
ஒரு நாள் விட்டு ஒரு நாள். சரி அத வுடு, செந்தூரா ரெண்டு பெட்டி எடுத்து வச்சிருக்கேன், ஆள் வந்தா குடுத்து விடறேன்

ஓசூர் அத்தை 8:17
மல்கோவா இல்லயா

பெரியப்பா 8:19
தோப்பு மாங்கா இந்த வருசமும் காவேரிப்பட்டணத்துக்கு வரல

சித்தப்பா 8:20
அண்ணே தோத்தாபுரி மொத்தமும் கூழ் ஃபேக்டரிக்குப் பேசியாச்சு. செந்தூரா நாளைக்கு வரும்

பெரியப்பா 8:20
போன வருசமும் நாளைக்குத்தான்

பிரபு 8:22
பெரியப்பா நானே கொண்டாந்து தரேன். இப்ப ரூம் விஷயம் முடிக்கலாமா? 11:59தான் டைம். பீச் ஏன் மூடினாங்கன்னு கேட்டீங்களாக்கா? அப்பாவுக்குக் கடல்தான் முக்கியம்

சுமதி 8:23
மெயின்டனன்ஸ்னாங்க

பிரியா (ஓசூர்) 8:27
மெயின்டனன்ஸா இருக்காது. மூணாவது படத்துல படிக்குக் கீழ மணலே இல்ல, கல்லு மட்டும் கொட்டியிருக்கு. கிழக்குக் கடற்கரையில வருசத்துல பாதிக்கு மேல மணல் தெக்கருந்து வடக்கால நகரும். நடுவுல கல்லு கொட்டித் தடுப்பு போட்டா தெக்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கடல் அரிக்கும். சென்னை துறைமுகம் வந்தப்புறம் மெரினா அகலமானதும் ராயபுரம் பக்கம் அரிச்சதும் இப்படித்தான். இந்த ஓட்டல் தடுப்புக்கு வடக்க இருக்குன்னா ஜூன்லயும் மணல் திரும்பி வராது. அதுலயும் ஜூன் 14 ராத்திரி அமாவாசை, அலை ஏத்தம் கூடத்தான் இருக்கும்.

பிரபு 8:28
அவங்க சைட்ல தனியார் பீச்சுன்னு போட்டிருக்காங்களே

மணி அண்ணன் (கிருஷ்ணகிரி கோர்ட்டு) 8:30
அலை ஏறற எல்லைக்குக் கீழ இருக்கற கரை எந்த ஓட்டலுக்கும் சொந்தம் கெடையாது. அது விளம்பரம். ஆனா விளம்பரத்துல போட்டத குடுக்கலன்னா அது நமக்கு உதவும். சுமதி, அந்தப் பக்கத்த இப்பவே ஸ்கிரீன்ஷாட் எடு, மாத்திடுவாங்க.

சுமதி 8:31
எடுத்துட்டேன்ணா. காசு கேக்க முடியுமா? மூணு ரூமுக்கு 33,630. சாப்பாட்டு பில்லுல வேற சர்வீஸ் சார்ஜுன்னு 10 பர்சன்ட் போட்டிருக்காங்க

மணி அண்ணன் 8:39
கேக்கலாம். மொதல்ல ஓட்டலுக்கு மெயில் போடு, போன்ல பேசறது நிக்காது. தேதி, ரூம் நம்பர், எத்தன மணிக்கு யார்கிட்ட சொன்ன, அவங்க என்ன சொன்னாங்க, எவ்ளோ திரும்ப வேணும், எல்லாம் எழுதி 15 நாள் டைம் குடு. பதில் இல்லன்னா 1915, அது தேசிய நுகர்வோர் உதவி எண். அங்கயும் முடியலன்னா தருமபுரி மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஓட்டல் இருக்கற ஜில்லாவுக்கு அலைய வேண்டியதில்ல, 2019 சட்டத்துல புகார் குடுக்கறவங்க இருக்கற ஊர்லயே போடலாம். குடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா ஃபீஸ் கெடையாது. 2 வருசத்துக்குள்ள போடணும். போட்டோ எல்லாம் உன் போன்லயே இருக்கட்டும், அழிச்சிடாத. வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்புனா எடுத்த தேதி வெவரம் போயிடும், எனக்கு டாக்குமென்ட்டா அனுப்பு. போன் போட்டோவ சாட்சியா காட்ட புது சாட்சியச் சட்டம் 63வது பிரிவு சான்று ஒண்ணு சேக்கணும், அத நான் பாத்துக்கறேன்.

மணி அண்ணன் 8:42
சர்வீஸ் சார்ஜ் தனி. அத தானா பில்லுல சேக்கக் கூடாதுன்னு 2022 ஜூலை 4லயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் போட்டிருக்கு. 2025 மார்ச் 28ல டெல்லி ஹைகோர்ட்டும் அது சரின்னு சொல்லிடுச்சு. எடுக்கச் சொல்லி கவுன்டர்லயே கேட்டிருந்தா எடுத்திருக்கணும். இப்ப மெயில்ல அதையும் ஒரு வரி சேத்துடு.

ஓசூர் அத்தை 8:43
சாப்பாடு எப்படி இருந்துச்சு சுமதி? மீன் நல்லா இருந்துச்சா

சுமதி 8:44
வஞ்சிரம்னாங்க. ஐஸ்ல வச்சது அத்தை, பஞ்சு மாதிரி இருந்துச்சு

பிரியா 8:45
ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது. நாட்டுப்படகு மீனுதான் புதுசா கெடைக்கும். நாம போற தேதியும் அதுக்குள்ளதான் வருது

சித்தி 8:46
அப்ப மீனும் இல்லயா

சித்தப்பா 8:47
ஒகேனக்கல்லே போலாம். மீன் இருக்கு, பரிசல் இருக்கு, ஒரு மணி நேரத்துல வீடு

பெரியப்பா 8:47
இது நல்ல யோசன

பிரபு 8:49
காவேரி நம்ம பக்கம் நுழையற பிலிகுண்டுலுல தண்ணி ஏறுனா கலெக்டர் பரிசல நிறுத்திடுவாங்கப்பா. கெடைக்குமான்னு அன்னிக்கித்தான் தெரியும். அதுவும் இல்லாம நீங்கதான கடல் பாக்கணும்னு சொன்னீங்க

சித்தி 8:50
கடலுக்குத்தான் போறோம். முடிஞ்சுது

ஓசூர் மாமா 8:58
மாப்ள, போறதுன்னா வேற ஓட்டலுக்கும் இதே கேள்விதான், கடலுக்கு அரை கிலோமீட்டருக்குள்ள எல்லாக் கட்டடத்துக்கும் உப்பு ஒண்ணுதான். வாடகைய வச்சு நம்பாத. மேனேஜர்கிட்ட பேசு, ரிசப்ஷன் பொண்ணுக்கு இதெல்லாம் தெரியாது. நம்ம ரூம் நம்பர் இப்பவே எழுதிக் குடுக்க முடியுமான்னு கேளு. ‘கடலைப் பார்த்த ரூம்’னா பால்கனி நேரா கடலுக்கு. ‘கடல் தெரியும்’னா சுமதிக்குக் கெடச்ச மாதிரி. எந்தச் சொல்லு போட்டிருக்காங்கன்னு பாரு. அந்த ரூம் அவுட்டோர் யூனிட் எப்ப மாத்தினது, பாத்ரூமுக்கு ஆர்ஓ தண்ணியா போரா, பீச்சுக்கு எறங்க வழி இன்னிக்கி தெறந்திருக்கா, இத மூணையும் மெயில்ல கேளு. பதில் மெயில் வரலன்னா அதுவே பதில். போய் எறங்குனதும் பெட்டியப் பிரிக்காத. ஏசிய 24ல போட்டு, பால்கனிக் கதவ சாத்திட்டு 15 நிமிஷம் விடு. மேல காத்து இழுக்கற எடத்துலயும் கீழ விடற எடத்துலயும் தெர்மாமீட்டர் வை. 8லருந்து 12 டிகிரி வித்தியாசம் இருந்தா நல்ல ஏசி. 5தான்னா அப்பவே ரூம் மாத்தச் சொல்லு, ராத்திரி 10 மணிக்கு மேல மாத்த ரூம் இருக்காது.

பிரபு 9:00
தெர்மாமீட்டர் எங்க மாமா வாங்கறது

ஓசூர் மாமா 9:00
நான் எடுத்தாறேன்

ஓசூர் அத்தை 9:01
வேற வேலை இல்ல இவருக்கு, ஆனா எடுத்துட்டு வரட்டும்

மணி அண்ணன் 9:04
பிரபு, வேற ஓட்டல் பாக்கறன்னா 7,500க்குக் கீழ பாரு. 2025 செப்டம்பர் 22லருந்து 7,500 வரைக்கும் வரி 5 தான், மேல போனா 18. ரூம் 7,400ன்னா 7,770 கட்டுவ. 7,600ன்னா 8,968. 200 ரூபா வித்தியாசத்துக்கு 1,200 போகுது. பெரிய ஓட்டல்ல சாப்பாட்டுக்கும் 18 போடுவாங்க, வெளிய சாப்ட்டா 5.

சித்தி 9:05
அப்ப வெளியவே சாப்டலாம்

பெரியப்பா 9:07
எனக்கு மாடி ஏற முடியாது. முழங்கால். ராமேசுவரத்துலயும் எங்களுக்குத்தான் மூணாவது மாடி குடுத்தீங்க, லிஃப்ட்டும் இல்ல

சித்தப்பா 9:08
அண்ணே அது 2011

பெரியப்பா 9:08
மாடி மாடிதான்

சுமதி 9:09
அப்பா வுடுங்கப்பா. பிரபு, பெரியவங்களுக்குக் கீழ்த்தள ரூம் கேளு. ஆனா அங்க கீழ்த்தளத்துலதான் பூசண வாசன அதிகம், நாங்க இருந்தது கீழதான்

ஓசூர் மாமா 9:11
மொத மாடி, லிஃப்ட் பக்கம். ஜெனரேட்டர்ல லிஃப்ட் ஓடுமான்னும் கேட்டுக்கோ

பிரபு 9:34
மேனேஜர்கிட்ட பேசிட்டேன். பீச் படி ‘சீக்கிரம் தெறப்போம்’ங்கறாரு, தேதி சொல்லல. தண்ணி போர்தான், ஒத்துக்கிட்டாரு. மொத மாடியில ரெண்டு ரூம் மார்ச்ல ஏசி மாத்தினதாம், நேரா கடலுக்கு. அத எழுதிக் குடுக்கறேன்னாரு. மத்த ரெண்டுக்கு உறுதி இல்லயாம்

மணி அண்ணன் 9:35
மெயில் வந்துச்சா

பிரபு 9:35
இன்னும் இல்ல

மணி அண்ணன் 9:35
வந்தாத்தான்

பிரபு 10:52
மெயில் வந்துடுச்சு, ரூம் நம்பரோட. பீச் பத்தி ஒரு வார்த்தகூட இல்ல. ரெண்டு ரூம் கேன்சல் பண்ணிட்டேன், ஸ்கிரீன்ஷாட் எடுத்து வச்சிட்டேன். நேரா கடல் பாத்த ரெண்டு மட்டும் இருக்கு. மிச்ச ஆளுங்களுக்கு பக்கத்துல 7,500க்குக் கீழ ஒண்ணு பாத்து நாளைக்குச் சொல்றேன். சரியா எல்லாருக்கும்?

சித்தி 10:53
சரி சாமி

ஓசூர் அத்தை 10:53
அண்ணி மல்கோவா

பெரியப்பா 10:55
அந்த ரெண்டு ரூம் யாருக்கு?