ஜீப் பிரேக்: முதல் மிதியில் இறங்குது, இரண்டாவது மிதியில் ஏறுது. பிரேக் குழாயில் சிக்கிய ஏரை (காற்றை) 4 தடவை எடுத்தாச்சு, என்ன செய்யலாம்?

ஏலக்காட்டு ஜீப்:
வணக்கம். அப்பா காலத்து மகிந்திரா சி.ஜே. டீசல் ஜீப், 1986 மாடல். நாலு வீலும் டிரம், பூஸ்டர் கிடையாது, பிரேக் ஆயிலை வீல்களுக்குத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் காலடியில் தரைக்குக் கீழே. போடியிலிருந்து மெட்டு (மலைப்பாதை) ஏறித் தோட்டத்துக்குப் போய்வரத்தான் வண்டி.

போன மாதம் டிரம்மை லேத்தில் கடைந்து, டிரம்மில் உரசிப் பிடிக்கும் புது லைனர் ஒட்டி, நாலு வீல் சிலிண்டருக்கும் வாஷர் கிட் (உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள்) மாற்றினேன். எல்லாம் வீட்டு வாசலில் நானும் மச்சானும் செய்த வேலை. அன்றிலிருந்து பெடல் முக்கால்வாசி கீழே போன பிறகுதான் பிடிக்கிறது. உடனே இன்னொரு தடவை மிதித்தால் மேலே வருகிறது, ஆனால் கல் மாதிரி இல்லை, ரப்பரை மிதிப்பது போல. எங்கும் ஒழுகல் இல்லை. அரை லிட்டர் பிரேக் ஆயிலுக்கு மேல் ஏர் எடுத்தே தீர்ந்துவிட்டது. மாஸ்டரை மாற்றிவிடவா?

கொண்டை ஊசி:
பூஸ்டர் ஒன்று போட்டுவிடுங்கள் சார், எல்லாம் சரியாகிவிடும்.

பழைய இரும்பு:
பூஸ்டர் மிதிக்கிற பலத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். கீழே போகிற பெடலை அது மேலே கொண்டுவராது.

தம்பி, மாஸ்டரை வாங்காதீர்கள். முதலில் பெடலிடமே கேட்போம். காலை அழுத்தி ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் மாஸ்டர் வாஷர் உள்ளுக்குள் ஆயிலைக் கசியவிடுகிறது. இறங்காமல் நின்றால் மாஸ்டர்மேல் பழி போட வேண்டாம். அடுத்து, இரண்டாவது மிதியில் பெடல் உயர்ந்தால், லைனருக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம் என்று அர்த்தம். டிரம்மைக் கடைந்த பிறகு பின்தட்டில் இருக்கும், அந்த இடைவெளியைக் குறைக்கும் கேம் போல்ட்டுகளை அட்ஜஸ்ட் செய்தீர்களா? இந்த வண்டியில் தானாக அட்ஜஸ்ட் ஆகும் வசதி இல்லை.

இன்னொன்று: வாஷர் கிட்டைப் போடும்போது எதில் கழுவினீர்கள்?

ஏலக்காட்டு ஜீப்:
அண்ணா, ஒரு நிமிடத்துக்கு மேல் அழுத்திப் பார்த்தேன், இறங்கவில்லை. கேம் போல்ட் துருப்பிடித்து இறுகிக் கிடந்ததால் தொடவில்லை. சிலிண்டரையும் வாஷரையும் டீசலில்தான் கழுவினேன்...

பழைய இரும்பு:
நினைத்தேன். டீசல், பெட்ரோல், கிரீஸ் எதுவும் அந்த ரப்பருக்கு ஆகாது. ஊதிப்போய் சிலிண்டரில் சிக்கிக்கொள்ளும், பிஸ்டன் திரும்பாது. நாலு கிட்டும் குப்பைக்கு. புதியதைப் பிரேக் ஆயிலிலேயே நனைத்துப் போடுங்கள்.

அப்புறம் கேம். முந்தைய நாள் இரவே துரு எண்ணெய் விட்டு வையுங்கள், லைனரில் படக்கூடாது. லாக் நட்டைத் தளர்த்தி, வீலைக் கையால் சுற்றிக்கொண்டே கேமைத் திருப்புங்கள். லைனர் உரசி வீல் நிற்கும். அங்கிருந்து வீல் உரசாமல் சுற்றும் அளவுக்கு மட்டும் பின்னால் விடுங்கள். வீலுக்கு 2, மொத்தம் 8. பெடலில் அரை அங்குலம் வெற்று ஆட்டம் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாவிட்டால் ஆயில் மாஸ்டருக்குத் திரும்பாது, பிரேக் பிடித்தபடியே நிற்கும்.

இரவுக்காவல்:
நடுவில் ஒரு எச்சரிக்கை. இந்த ஜீப்பில் ஹேண்ட் பிரேக், முன், பின் ஆக்சிலுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்க டிரம்மில் இருக்கிறது, வீலில் இல்லை. பின்வீல் ஒன்றை ஜாக்கி போட்டுத் தூக்கினால், இரு பின்வீலும் வெவ்வேறாகச் சுற்றவிடும் டிஃபரென்ஷியல் வழியாக அந்த வீல் சுற்றி வண்டி நகர்ந்துவிடும். ஹேண்ட் பிரேக்கை நம்பாமல் மற்ற வீல்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், ஸ்டாண்ட் போடாமல் அடியில் போகாதீர்கள். டிரம்முக்குள் இருக்கும் தூசியை ஊதவும் வேண்டாம், பழைய லைனரில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கலாம்.

ஏலக்காட்டு ஜீப்:
நல்ல வேளை சொன்னீர்கள், ஹேண்ட் பிரேக்கை நம்பித்தான் போன முறை அடியில் படுத்திருந்தேன்.

கிட் மாற்றி, 8 கேமும் அட்ஜஸ்ட் செய்து, ஏர் எடுத்தாயிற்று. பெடல் முதல் மிதியிலேயே பாதிக்கு மேல் நிற்கிறது. ஆனால் அந்த ரப்பர் உணர்வு மட்டும் போகவில்லை.

பழைய இரும்பு:
அப்படியென்றால் இரண்டு நோய். ஏர் எடுத்த வரிசையைச் சொல்லுங்கள். மாஸ்டருக்குத் தூரமான பின் இடதில் தொடங்கி, பின் வலது, முன் இடது, முன் வலது என்று வர வேண்டும். பழைய மாஸ்டரில் பெடலைத் தரைவரை அமுக்க வேண்டாம், அடியில் ஒரு கட்டை வையுங்கள். தினசரி வாஷர் போகாத இடத்தில் துரு இருக்கும், அது வாஷர் உதட்டைக் கிழித்துவிடும்.

வரிசை சரியென்றால் ஆயில் போகும் ரப்பர் ஹோஸைச் சந்தேகப்படுங்கள். முன்னால் 2, பின் ஆக்சிலுக்கு 1. வாய் மழுங்கிய கிளாம்ப்பால் மூன்றையும் அழுத்தி மிதியுங்கள். பெடல் கல்லாக நின்றால் மாஸ்டர் நல்லது. ஒவ்வொன்றாக விடுங்கள், எதை விட்டதும் மெத்தென்று ஆகிறதோ அந்தப் பக்கம்தான்.

ஏலக்காட்டு ஜீப்:
அண்ணா, பிடித்துவிட்டோம்! பின் ஹோஸ்தான். மச்சான் மிதிக்க நான் டார்ச் அடித்துப் பார்த்தேன். தவளையை விழுங்கிய பாம்பு மாதிரி நடுவில் உப்புகிறது. அப்பா போட்ட ஹோஸாகத்தான் இருக்க வேண்டும். கிளாம்ப் போட்ட மற்ற இரண்டிலும் வெடிப்பு தெரிந்ததால் மூன்றையுமே மாற்றி, மறுபடி ஏர் எடுத்தோம். பெடல் இப்போது மேலேயே நிற்கிறது.

இதே பழைய மாஸ்டர்தான். பிரேக் ஆயில் டாட் 3 தரம் போதுமா?

இரவுக்காவல்:
போதும். ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, ஈரம் ஏறிய பிறகு 140 தான் உத்தரவாதம். மெட்டு இறக்கத்தில் டிரம் சூடேறி ஆயில் கொதித்தால், ஆவி நிரம்பிப் பெடல் தரைக்குப் போய்விடும். அதனால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள், திறந்து கிடந்த பாட்டிலைத் தொடாதீர்கள். டாட் 4 கலக்கலாம். டாட் 5 என்று எழுதியிருந்தால் அது சிலிகான், கலக்கவே கூடாது. இறக்கத்தில் இரண்டாவது கியர்.

ஏலக்காட்டு ஜீப்:
நேற்று ஆள் ஏற்றாமல் மேலே போய் இறங்கி வந்தேன். பிரேக் நன்றாகப் பிடிக்கிறது. பின் இடது டிரம் மட்டும் மற்றதைவிடச் சூடு.

பழைய இரும்பு:
அந்த வீலில் கேமை ஒரு நூல் பின்னால் விடுங்கள். லைனர் புதிது, சில நாள் ஓடி டிரம்மில் படிந்த பிறகு எட்டையும் இன்னொரு தடவை பாருங்கள். அதுவரை ஆள் ஏற்ற வேண்டாம்.