புதுப்பிப்பு: ஒழுங்கைக்கரைப் பூக்கண்டுகள், மாரிக்குப் பிறகு

எங்கள் மதிலுக்கு வெளியே ஒழுங்கைக்கரையில் என்ன நடலாம் என்று கோடையில் கேட்டிருந்தேன். கட்டாக்காலி மாடு கடிக்கக்கூடாது, கிணற்றுத் தண்ணீருக்குத் தாக்குப்பிடிக்க வேண்டும், இவை இரண்டும்தான் நிபந்தனை.

பலர் சொன்ன பட்டிப்பூதான் (நித்தியகல்யாணி) வென்றது. மாடு மோந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறது. அதன் சாறு கசப்பு, நஞ்சும்கூட. விதை விழுந்து மதிலடி வெடிப்பிலெல்லாம் தானாகவே முளைத்திருக்கிறது.

எக்சோராதான் (வெட்சி) பெரிய பாடு. நரம்பு மட்டும் பச்சை, மிச்ச இலை முழுக்க மஞ்சள். யாழ்ப்பாணத்தில் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல், கிணற்றுத் தண்ணீரிலும் அதே சுண்ணாம்பு. மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. உரம் போட்டுப் பயனில்லை. தொட்டிக்கு மாற்றி, இலைக்குப்பை எரு போட்டு, கூரைப் பீலியில் வடியும் மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றினேன். புதுத் தளிர் பச்சையாக வருகிறது. அம்மாவின் ஆசைக்காகத்தான் இவ்வளவும், இல்லாவிட்டால் எப்போதோ பிடுங்கியிருப்பேன்!

போகன்விலா மாரி முழுக்க இலைதான். பூவுக்குக் கொஞ்சம் காயவேண்டும், தை பிறந்தபின் தண்ணீரைக் குறைத்திருக்கிறேன். முள் சைக்கிள்காரர் முகத்தில் கீறாதபடி கிளையை உள்பக்கம் வளைத்துக் கட்டியாயிற்று.

அப்புறம், தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள். மழைக்காலத்தில் டெங்கு நுளம்பு அதில்தான் முட்டையிடும்.

முன்வீட்டு அன்ரி, “தம்பி, எங்கட பக்கத்துக்கும் ரெண்டு கண்டு தாவன்” என்று கேட்டிருக்கிறார். பட்டிப்பூ நாற்று நிறைய இருக்கிறது.