நுழைவுத் தேர்வின் ஆங்கில உரைப்பகுதி வினாக்கள்: பயிற்சி அனுபவங்கள்

திருச்சியிலிருந்து ஒரு வழக்கறிஞர்:

சட்டப் படிப்புக்கான கிளாட் நுழைவுத் தேர்வுக்குத் தயாராகும் பிளஸ் டூ மாணவர்கள் சிலருக்கு வார இறுதிகளில் ஆங்கிலப் பிரிவை மட்டும் சொல்லிக்கொடுத்து வருகிறேன். தமிழ்நாட்டின் அரசு சட்டக் கல்லூரிகளில் பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே சேர்ந்துவிடலாம். ஆனால் எங்கள் ஊருக்கு அருகே நவலூர்க்குட்டப்பட்டில் இருக்கும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்பில் சேர கிளாட் எழுத வேண்டும். அந்த வினாத்தாள் ஆங்கிலத்தில் மட்டுமே வரும்.

2019 வரை இந்தத் தேர்வில் 200 வினாக்கள் இருந்தன, ஆங்கிலத்துக்கு 40. இலக்கணமும் சொற்பொருளும் மனப்பாடமாக இருந்தால் அதில் பெரும்பகுதியைக் கடந்துவிட முடிந்தது. 2020 முதல் எல்லாப் பிரிவுகளுமே உரைப்பகுதியைப் படித்து விடையளிக்கும் முறைக்கு மாறிவிட்டன. இப்போது 120 நிமிடங்களில் 120 வினாக்கள். அவற்றில் 22 முதல் 26 வரை ஆங்கிலம். ஒவ்வோர் ஆங்கிலப் பகுதியும் ஏறத்தாழ 450 சொற்கள் கொண்டது. பிளஸ் டூ மாணவர் ஒருவர் ஐந்து முதல் ஏழு நிமிடங்களில் படிக்கக்கூடியது என்று தேர்வு நடத்தும் தேசியச் சட்டப் பல்கலைக்கழகக் கூட்டமைப்பே சொல்கிறது. ஒரு பகுதிக்கு ஐந்து அல்லது ஆறு வினாக்கள் என்றால், வினாவுக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில் மொத்த நேரமும் படிப்பதிலேயே தீர்ந்துவிடும். ஆகவே வினாக்களைப் பார்ப்பதற்கு முன்பே பகுதியை ஒரே முறை படித்து, அந்த ஒரு முறையிலேயே எழுதியவரின் நிலைப்பாட்டைப் பிடித்துவிட வேண்டும் என்பதுதான் பயிற்சியின் உண்மையான இலக்கு.

இதை எப்படிப் பழக்குவது என்று எனக்குத் தெளிவு கிடைத்தது இரண்டு மாணவர்களிடமிருந்து. ஒருவர் லால்குடிப் பக்கத்திலிருந்து வருபவர். பத்தாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தவர். மற்றவர் ஆங்கிலவழிப் பள்ளி மாணவி, சரளமாகப் பேசக்கூடியவர். நிலத்தடி நீரைப் பற்றி நானே எழுதிய ஒரு பகுதியை இருவருக்கும் கொடுத்திருந்தேன். முதல் பத்தி, ஆழ்துளைக் கிணறுகளுக்குக் கட்டுப்பாடு விதித்தால் நீர்மட்டம் உயர்ந்துவிடும் என்று வாதிடுபவர்களின் கருத்தைச் சொல்கிறது. இரண்டாம் பத்தி, அந்தக் கருத்தில் ஓரளவு உண்மை இருப்பதை ஒப்புக்கொள்கிறது. மூன்றாம் பத்தி, ஏரிகளுக்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால்களைச் சீரமைக்காமல் கட்டுப்பாட்டை மட்டும் விதிப்பதால் பயன் நிலைக்காது என்று முடிக்கிறது. எழுதியவரின் மையக் கருத்து எது என்பது வினா. லால்குடி மாணவர், கட்டுப்பாடே தீர்வு என்ற விடையைத் தேர்ந்தெடுத்தார். மாணவியோ கட்டுப்பாடு முற்றிலும் வீண் என்ற விடைக்குப் போனார். ஒருவர் எதிர்த்தரப்பின் வாதத்தை எழுதியவரின் தலையில் ஏற்றிவிட்டார். இன்னொருவர், எழுதியவர் பாதி ஒப்புக்கொண்டிருந்த இடத்தைக் கவனிக்காமல் மறுப்பைப் பெரிதாக்கிவிட்டார். ஆங்கிலச் சொல் எதுவும் இருவரையும் தடுக்கவில்லை. அகராதியைத் திறந்து வைத்திருந்தாலும் அதே விடைகளைத்தான் எழுதியிருப்பார்கள்.

அப்போது எனக்குக் கைகொடுத்தது, சற்றும் எதிர்பாராத விதமாக, நன்னூல். ஒரு நூலாசிரியர் பிறர் கருத்தை எப்படியெல்லாம் கையாளலாம் என்பதைப் பவணந்தி முனிவர் பாயிரத்தில் எழுவகை மதம் (இங்கே மதம் என்றால் கொள்கை) என்று வகுத்திருக்கிறார். உடன்படல், மறுத்தல், பிறர்தம் மதம் மேற்கொண்டு களைவு, தானே ஒரு கருத்தை நாட்டி நிறுத்துதல், இருவர் மாறுபடும்போது ஒரு பக்கம் துணிதல் என்று அந்தப் பட்டியல் போகிறது. நான் கொடுத்த பகுதி, பிறர் கருத்தை முதலில் ஏற்றுப் பின்னர் களையும் வகைக்குப் பொருத்தமான எடுத்துக்காட்டு. அன்று முதல், ஒவ்வொரு பத்தியையும் படித்தவுடன் அதில் என்ன சொல்லப்பட்டது என்பதைவிட, எழுதியவர் அந்த இடத்தில் என்ன செய்கிறார் என்பதை ஓரத்தில் தமிழில் ஒற்றைச் சொல்லாகக் குறிக்கச் சொன்னேன்: பிறர் கருத்து, உடன்பாடு, மறுப்பு, சான்று, முடிவு. தொடக்கத்தில் இதனால் வேகம் குறைந்தது; மாதிரித் தேர்வில் கடைசிப் பகுதியைத் தொடாமலே விட்டார்கள். பழகிய பிறகு எழுதாமலேயே மனத்துக்குள் குறித்துக்கொள்ளத் தொடங்கினார்கள். லால்குடி மாணவரின் உச்சரிப்பும் எழுத்தும் இன்றும் தடுமாறுகின்றன. ஆனால் மையக் கருத்தையும் தொனியையும் கேட்கும் வினாக்களில் அவர் இப்போது அரிதாகவே தவறுகிறார்.

ஆங்கில நாளிதழ்களின் தலையங்கத்தை மட்டும் படிக்கச் சொல்லும் அறிவுரை எனக்கு அரைகுறையாகவே படுகிறது. தலையங்கம் தன் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடும். கிளாட் தேர்விலோ புனைகதைப் பகுதிகளும் வரலாம். அங்கே கருத்து யாருடையது, கதைமாந்தருடையதா கதைசொல்லியுடையதா என்பதிலிருந்தே குழப்பம் தொடங்கும். வாரத்துக்கு ஒரு சிறுகதையாவது படிக்காத மாணவர் இந்த இடத்தில் நிச்சயம் தடுக்கி விழுவார்.

மாதிரித் தேர்வு எழுதுவதற்கு ஆகும் நேரத்தைவிட, திருத்துவதற்கு அதிக நேரம் ஒதுக்குகிறோம். சரியான விடை ஏன் சரி என்று நான் கேட்பதில்லை; மற்ற மூன்றும் எந்த வரியால் விழுகின்றன என்று கேட்கிறேன். பகுதியில் இல்லாத ஆனால் உலகில் உண்மையான செய்தி, மிகைப்படுத்திய கூற்று, எதிர்த்தரப்பின் கூற்று ஆகிய மூன்றில் ஒன்றாகவே தவறான விடைகளில் பெரும்பாலானவை அமைகின்றன. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் மட்டுமே குறைவதால், நான்கில் ஒன்றை உறுதியாக விலக்க முடிந்தாலும் மீதியில் ஒன்றைக் குறிப்பது கணக்குப்படி ஆதாயமே.

மன்னார்குடியிலிருந்து ஒரு தந்தை:

என் மகள் எழுதியது மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான கியூட் நுழைவுத் தேர்வு. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தின் ஒருங்கிணைந்த படிப்பில் சேர வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அதில் ஆங்கிலத் தாளில் 50 வினாக்களுக்கு 60 நிமிடங்கள். சரியான விடைக்கு ஐந்து மதிப்பெண், தவறுக்கு ஒன்று குறையும். தகவல் சார்ந்தது, விவரிப்பு, இலக்கியம் என்று உரைப்பகுதிகள் மூன்று வகை.

எங்களுக்கு வந்த சிக்கல் வேறு. மகள் வீட்டில் அச்செடுத்த தாளில், பென்சிலால் அடிக்கோடிட்டே பழகியிருந்தார். கணினித் திரையில் மாதிரித் தேர்வு எழுதியபோது அடிக்கோடிட வழியில்லாமல் கண் வரிகளுக்கிடையே அலைந்தது. ஏற்கெனவே படித்த பத்தியையே மீண்டும் மீண்டும் தேடினார். அதன் பிறகு திரையில் மட்டுமே படிப்பது என்று முடிவுசெய்து, வெற்றுத்தாளில் பத்தி எண்ணையும் பக்கத்தில் இரண்டு சொற்களையும் எழுதிக்கொள்ளும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொண்டார். மேலே வழக்கறிஞர் அம்மையார் சொன்ன ஓரக்குறிப்புக்கு இது நெருங்கிய உறவு என்று இப்போது தோன்றுகிறது.

ஒன்றில் மட்டும் மாறுபடுகிறேன். தகவல் சார்ந்த பகுதிகளில் என் மகள் வினாக்களை முதலில் பார்த்துவிட்டுத்தான் பகுதிக்குள் போனார். எந்த ஆண்டு, எந்தக் காரணம், யாருடைய முயற்சி என்று கேட்கும் வினாக்களுக்கு முழுவதையும் நிதானமாகப் படிக்க வேண்டிய தேவையே இல்லை. அதில் மிச்சமான நேரத்தை இலக்கியப் பகுதிக்குக் கொடுத்தார்.

திருச்சியிலிருந்து அதே வழக்கறிஞர்:

ஐயா, தகவல் சார்ந்த பகுதிக்கு உங்கள் மகள் செய்தது சரியான முறை. அதை நான் மறுக்கவில்லை. கிளாட் ஆங்கிலப் பிரிவில் ஆண்டையும் பெயரையும் தேடும் வினாக்கள் குறைவு. அனுமானம், தொனி, இரு கருத்துகளின் ஒப்பீடு ஆகியவையே மிகுதி. அந்த வினாக்களை முதலில் படித்தால் நான்கு விடைகளின் வாசகங்களும் மனத்தில் தங்கிவிடும்; பிறகு பகுதியைப் படிக்கும் கண், எழுதியவர் சொல்வதை விட்டுவிட்டு அந்த நான்கில் ஒன்றுக்கு ஆதரவு தேடத் தொடங்கும். என் மாணவியிடம் இதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கிளாட் இன்னும் தாளிலும் பேனாவிலும் நடப்பதால் அடிக்கோட்டுக்கு அங்கே தடையில்லை. இரண்டு தேர்வுகளையும் எழுத நினைப்பவர்கள் கியூட் பயிற்சியைத் திரையிலும் கிளாட் பயிற்சியை அச்சிட்ட தாளிலும் தனித்தனியாக வைத்துக்கொள்வது நல்லது. உங்கள் மகள் வெற்றுத்தாளில் எழுதிய அந்த இரண்டு சொற்கள் தமிழிலா ஆங்கிலத்திலா என்று கேட்டுச் சொல்லுங்கள். லால்குடி மாணவர் அறிந்துகொள்ள விரும்புகிறார்.