நேபாளத்துக்கு விசாதான் வேண்டாம்

மயூர் விஹாரிலிருந்து

"நேபாளத்துக்குத்தானே, விசாவா கேட்கப் போறான்? ஆதார் போதும்." கும்பகோணத்தில் பெட்டி கட்டும்போது அப்பா சொன்னது இது. தில்லி விமான நிலையம் மூன்றாம் முனையத்தில் விடிகாலை நாலரை மணிக்கு நின்றுகொண்டு, இதை ஏன் அன்றைக்கே மறுக்காமல் விட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். நேபாளத்தில் இருக்கும் முக்திநாத் கோயிலுக்குப் போக நினைக்கும் யாருக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன். உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் சொல்லுங்கள்.

2023 மே மாதம். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் என்ற முக்திநாத்தை ஒருமுறை சேவித்துவிட வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. அப்பாவுக்குப் பாதி பக்தி, மீதிப் பாதி முழங்கால் இன்னும் மோசமாவதற்குள் போய்விடலாமே என்ற கணக்கு. தில்லியிலிருந்து காத்மாண்டு, பிறகு போக்ரா, ஜோம்சோம், அங்கிருந்து ஜீப். டிக்கெட் போட்டது நான். ஆகவே தப்பும் என்னுடையதுதான்.

இந்தியர்களுக்கு நேபாளத்தில் விசா கிடையாது என்பது சரி. ஆனால் விமானத்தில் போவதானால் பாஸ்போர்ட், இல்லையென்றால் தேர்தல் ஆணையம் கொடுத்த வாக்காளர் அட்டை, இரண்டில் ஒன்று அசலாகக் கையில் இருக்க வேண்டும். ஆதார், பான், ஓட்டுநர் உரிமம் போன்றவை 15 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் மட்டும்தான் செல்லும். அப்பாவுக்கு அன்று வயது 64, மாதம் 10. அவருடைய வாக்காளர் அட்டை கும்பகோணத்தில் பீரோவுக்குள் பட்டு வேட்டிக்கு அடியில் பத்திரமாக இருந்தது.

கவுண்டர் பையன் ஆதாரை வாங்கி, பிறந்த தேதிக்குக் கீழே கட்டைவிரல் நகத்தை வைத்து மற்ற கையால் மாதங்களை எண்ணினான். ஜூன், ஜூலை என்று அவன் வாய்க்குள் முணுமுணுத்தது எனக்கே கேட்டது. "தோ மஹீனா பாக்கி ஹை, அங்கிள்ஜி" என்றான். அப்பாவுக்கு இந்தி தெரியாது. ஆனால் அவன் காட்டிய இரண்டு விரல் புரிந்துவிட்டது. "ரெண்டு மாசம் கழிச்சு வரச் சொல்றானா?" என்று என்னிடம் கேட்டார்.

தம்பியைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, பீரோவைத் திறக்க வைத்து, அட்டையை இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வந்தது. போனைக் காட்டினேன். "ஓரிஜினல் சாஹியே, மேடம்." அவ்வளவுதான்.

அப்புறம் அவனுடைய மேலதிகாரி அம்மா ஒருவர் வந்தார். குடும்பமாகச் சேர்ந்து போனால், பெரியவர்களில் ஒருவரிடம் பாஸ்போர்ட்டோ வாக்காளர் அட்டையோ இருந்தால் போதும், மற்றவர்கள் படத்தோடு ஓர் அடையாளமும் உறவுக்கு ஆதாரமும் காட்டலாம் என்று விதியில் ஓர் இடம் இருப்பதாகச் சொன்னார். கணவன், மனைவி, மைனர் குழந்தைகள், பெற்றோர் வரைதான் அது. நான் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தைக் காட்டினேன். தகப்பனார் பெயர் அங்கேதானே அச்சாகியிருக்கிறது!

இருந்தது. ஆனால் வேறு மாதிரி இருந்தது. என் பாஸ்போர்ட்டில் அப்பா இனிஷியல் இல்லாத வெறும் பெயர். ஆதாரில் பெயருக்குப் பின்னால் ஒற்றை எழுத்து. டிக்கெட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தால் நகர மாட்டேன் என்று கணினி அடம்பிடித்ததால், அந்த எழுத்தை விரித்துத் தாத்தா பெயரைப் போட்டிருந்தேன். மூன்று தாளில் மூன்று அப்பா. வடக்கே யாருக்காவது இனிஷியலை விளக்கிப் பார்த்திருக்கிறீர்களா? "அப்படியானால் இவருடைய சர்நேம் என்ன?" என்று அந்த அம்மா மூன்றாம் முறை கேட்டபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடைசியில் காப்பாற்றியது அம்மாவின் வாக்காளர் அட்டை. அம்மா எப்போதும் அதை சுருக்குப் பையில், வெற்றிலைப் பாக்கோடு வைத்திருப்பாள். ஓரத்தில் சுண்ணாம்புக் கறை. கணவர் பெயர் என்ற வரியில், தமிழிலும் ஆங்கிலத்திலும், ஆதாரில் இருந்த அதே எழுத்துகளோடு அப்பா. மேலதிகாரி அம்மா கறையைத் துடைத்துப் படித்துவிட்டு போர்டிங் பாஸை அடிக்கச் சொன்னார்.

காத்மாண்டுவில் இந்தியர்கள் வரிசையில் எங்கள் மூவரையும் அனுப்ப இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அப்பாவின் ஆதாரை அந்த அதிகாரி தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார் என்று இன்றும் சந்தேகம். சோதனை எல்லாம் தில்லியில்தான். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்: அந்த நாட்டு விதி இலகுவாக இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள், உங்களை நிறுத்தப்போவது இங்கே கவுண்டரில் இருக்கும் ஆள்.

பணத்திலும் ஒரு பாடம். அப்போது நூறு ரூபாய்க்கு மேற்பட்ட இந்திய நோட்டு நேபாளத்தில் செல்லாது. 200, 500, 2000 நோட்டுகளை 2018 டிசம்பரிலேயே தடை செய்துவிட்டார்கள். அதே சுருக்குப் பையிலிருந்து அம்மா நான்காய் மடித்த ஐந்நூறு ரூபாய்த் தாள்களை ஒவ்வொன்றாக எடுக்க, காத்மாண்டுவின் தமேல் கடைத்தெருவில் கடைக்காரர் கைகூப்பினார். நூறு ரூபாய்த் தாளென்றால் எங்கும் வாங்குகிறார்கள், நம் 100க்கு அவர்கள் 160. விலை சொன்னால் "ஐசியா, என்சியா" என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதலாவது இந்திய ரூபாய், மற்றது நேபாள ரூபாய். அம்மா கம்பளிச் சால்வைக்கு என்சி விலையை ஐசியில் கொடுத்துவிட்டு, பேரம் பேசி ஜெயித்த பெருமையோடு வந்தாள்.

முக்திநாத் இருப்பது அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்குள். அதற்குத் தனி அனுமதிச் சீட்டு உண்டு, இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு 1000 நேபாள ரூபாய். பாஸ்போர்ட் அளவுப் படம் கொண்டு போங்கள். கோயிலில் தண்ணீர் கொட்டும் 108 தாரைகளின் அடியிலும் அம்மா ஓடியே போனாள். அப்பா மூன்றோடு நிறுத்திக்கொண்டார். தண்ணீர் அப்படி வெட்டுகிறது.

கரோல் பாகிலிருந்து

எனக்கு வயது 71. மத்திய அரசு மருத்துவ அட்டையைக் காட்டிவிட்டுத்தான் போய் வந்தேன். ஒரு சிக்கலும் இல்லை. ஆனால் ஒன்று செய்தேன் அம்மா: உள்துறை அமைச்சகத்தின் அறிவிப்பை அச்செடுத்து, வயது பற்றிய வரியில் பச்சை மை போட்டு எடுத்துப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் அதை வாங்கித் தன் சக ஊழியரிடம் காட்டிவிட்டுத் திருப்பித் தரவே மறந்துவிட்டாள். நாற்பது வருடம் கோப்பு பார்த்தவனுக்கு இதைவிட என்ன கௌரவம்!

ஆர்.கே. புரத்திலிருந்து

பிள்ளைகளோடு போகிறவர்கள் கவனியுங்கள். 15க்கும் 18க்கும் இடைப்பட்டவர்களுக்கு வாக்காளர் அட்டை இருக்காது, பாஸ்போர்ட் இல்லையென்றால் பள்ளி முதல்வர் கையெழுத்திட்ட சான்றிதழ் வேண்டும். அதற்கென்று ஒரு படிவம் இருக்கிறது, பள்ளி அடையாள அட்டையை மட்டும் நம்பக் கூடாது. எங்களுக்கு இது தெரிந்தது ஜூன் முதல் வாரத்தில். தில்லிப் பள்ளிகள் ஜூனில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பூட்டிய கேட், ஒரு காவலாளி, ஒரு கூலர். முதல்வர் ஊரில் இருந்தார். அலுவலகக் குமாஸ்தாவைப் பிடித்து, முதல்வர் திரும்பி வரும் ரயில் எது என்று தெரிந்துகொண்டு, நிஜாமுதீன் ஸ்டேஷன் நடைமேடையில் வைத்துக் கையெழுத்து வாங்கினார் என் கணவர். பள்ளி முத்திரையைக் குமாஸ்தா கைக்குட்டையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். பெட்டி மேல் வைத்து அடித்ததால் முத்திரை பாதிதான் விழுந்தது. பாதி முத்திரையே போதுமாயிருந்தது.

முனீர்காவிலிருந்து

எங்கள் கதை நேபாளமும் இந்தியாவும் சேர்ந்தது. 2019 நவம்பரில் மலேசியாவிலிருந்து, ஈப்போவிலிருந்து, பெரியம்மா வந்தார். இந்திய இ-விசாவில் தில்லியில் இறங்கினார். நாங்கள் நால்வர், அவர் ஒருவர். கோரக்பூர் வரை ரயில், அங்கிருந்து ஜீப்பில் சுனௌலி எல்லை.

சுனௌலியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எல்லை மாதிரியே இருக்காது, கடைத்தெரு மாதிரி இருக்கும். லாரி, ரிக்‌ஷா, வெங்காய மூட்டை, நடுவில் ஒரு வளைவு. நாங்கள் நால்வரும் பேசிக்கொண்டே நடந்து வளைவைக் கடந்துவிட்டோம், ஒருவரும் எதுவும் கேட்கவில்லை. பெரியம்மாவும் கூடவே வந்துவிட்டார். அந்தப் பக்கம் பேலஹியாவில் விசா வாங்கப் போனால், அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "இந்தியாவை விட்டுக் கிளம்பிய முத்திரை எங்கே?" என்றார். இந்தியக் குடியேற்ற அலுவலகம் வந்த வழியில் கடைகளுக்கு நடுவே இருந்திருக்கிறது. திரும்ப நடந்து, முத்திரை வாங்கி, மறுபடியும் நேபாளம். பெரியம்மா ஒரே காலையில் மூன்று முறை எல்லை தாண்டினார். விசாவுக்கு டாலர் கேட்டார்கள், அவரிடம் இருந்தது ரிங்கிட்.

இதுகூடப் பரவாயில்லை. பெரிய அடி திரும்பும்போது. அந்தச் சமயத்தில் இ-விசாவோடு தரைவழியாக இந்தியாவுக்குள் நுழைய முடியாது. குறிப்பிட்ட விமான நிலையங்களும் சில துறைமுகங்களும்தான். வெளியே போவதற்கு எந்த வழியும் ஆகும், உள்ளே வருவதற்கு ஆகாது. இதை லும்பினியில் விடுதிக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். கோரக்பூர் ரயில் டிக்கெட்டில் இரண்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, நானும் பெரியம்மாவும் காத்மாண்டு போய் விமானத்தில் தில்லி வந்தோம். பெரியம்மா அலட்டிக்கொள்ளவில்லை. "பசுபதிநாதர் கூப்பிட்டுட்டார்டா" என்றார். டிக்கெட் காசு என்னுடையது.

இன்னொன்று. வெளிநாட்டு உறவினரை வீட்டில் தங்க வைத்தால், வீட்டுக்காரர் 24 மணி நேரத்துக்குள் அரசிடம் தகவல் பதிய வேண்டும், அப்போது அதற்குப் படிவம் சி என்று பெயர். இது ஹோட்டல்காரர்கள் சமாசாரம் என்றே நான் நினைத்திருந்தேன்.

துவாரகாவிலிருந்து

முனீர்கா அண்ணன் சொன்னதும் நினைவு வருகிறது. அமெரிக்கக் குடிமகனான என் மருமான் ஓசிஐ அட்டை, அதாவது வெளிநாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் அட்டை, வைத்திருக்கிறான். "நானும் இந்தியன் மாதிரிதானே" என்று காத்மாண்டுவில் இந்தியர் வரிசையில் போய் நின்றான். ஓசிஐ இந்தியாவுக்குள் வர உதவும், நேபாளத்துக்கு அவன் அமெரிக்கன்தான். போய் விசா வாங்கி வா என்று அனுப்பினார்கள்: 15 நாளுக்கு 30 டாலர், 30 நாளுக்கு 50, 90 நாளுக்கு 125. பின்னால் நின்ற அவன் அம்மா, இந்தியப் பாஸ்போர்ட்டோடு, ஒரு பைசா கொடுக்காமல் வெளியே போய் அவனுக்காக முக்கால் மணி நேரம் காத்திருந்தார்.

ரோஹிணியிலிருந்து

காரில் போகிறவர்களுக்கு: எல்லையில் பன்சார் என்று வண்டிக்கு நாள் கணக்கில் வரி கட்டிச் சீட்டு வாங்க வேண்டும். ஆர்சி அசல் கட்டாயம். நாங்கள் இரண்டு நாளுக்குக் கட்டி, மழையில் மலைப்பாதை அடைத்துக்கொண்டு மூன்றாம் நாளும் தங்கும்படி ஆகி, திரும்பும்போது அபராதம் அழுதோம். ஒரு நாள் கூடுதலாகவே கட்டிவிடுங்கள்.

மயூர் விஹாரிலிருந்து, மறுபடியும்

எல்லோருக்கும் நன்றி. கரோல் பாக் சார், பச்சை மை யோசனையை எடுத்துக்கொண்டேன். துவாரகா அக்கா, உங்கள் மருமானை நினைத்துச் சிரித்து முடியவில்லை.

அப்பாவுக்கு இப்போது பாஸ்போர்ட் வந்துவிட்டது. குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாகவே விடலாம் என்று நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. தாத்தா பெயரை எழுதினார். இப்போது பாஸ்போர்ட்டில் தாத்தா பெயரோடு ஓர் அப்பா, ஆதாரில் ஒற்றை எழுத்தோடு ஓர் அப்பா, வாக்காளர் அட்டை இன்னும் வேட்டிக்கு அடியில். அடுத்தது பூட்டான் என்கிறார்.