மக்காச்சோள வேர்: நுனியில் வரும் பேண்ட் முதிர்ந்த பகுதியில் காணோம்

கேட்டவர்: முளைத்து 5 நாளான மக்காச்சோள வேரில் நுனி 1 செ.மீ., மேலே முதிர்ந்த பகுதி, இரண்டிலும் செல்சவ்வுப் புரதத்தை ஒப்பிடுகிறேன். வெஸ்டர்ன் பிளாட்டில் (ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்த புரதத்தை ஆன்டிபாடியால் கண்டறியும் முறை) தேடுவது பிஐபி2 அக்வாபோரின், அதாவது செல்சவ்வில் தண்ணீரைக் கடத்தும் புரதம். நுனி லேனில் 28 கிலோடால்டன் பக்கம் மங்கலாக ஒரு பேண்ட். முதிர்ந்த லேனில் அந்த இடம் காலி. சாம்பிளை ஊற்றும் குழியான வெல்லின் வாயிலேயே கருப்பாக ஒரு திட்டு, 55 கிலோடால்டன் பக்கம் ஒரு கோடு. இரண்டு வாரமாக இதே கதைதான். ஆன்டிபாடியை மாற்றச் சொல்கிறார் கைடு.

பதில் 1: சாம்பிளை எத்தனை டிகிரியில் சூடாக்கினீர்கள்?

கேட்டவர்: வழக்கம்போல் 95, 5 நிமிஷம்.

பதில் 1: கோளாறு அங்கேதான் இருக்கும். அக்வாபோரின் சவ்வை 6 முறை ஊடுருவிச் செல்லும் புரதம். கொதிக்க வைத்தால் நீரோடு சேராத அந்தப் பகுதிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், ஜெல்லுக்குள் இறங்காது. முதிர்ந்த வேரில் புரதம் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்; நிறைய இருந்தாலும் இப்படி ஆகும். 37 டிகிரியில் 30 நிமிஷம் வைத்துப் பாருங்கள். 55 கோடு இரட்டை மூலக்கூறு, சிஸ்டீன் பாலத்தால் பிணைந்தது. அந்தப் பாலத்தை உடைக்கும் டிடிடியை அன்றன்றைக்குப் புதிதாகக் கலந்தால் குறையும். ஆன்டிபாடிக்குக் காசு போடும் முன் இதைச் செய்யுங்கள்.

பதில் 2: பேண்ட் வந்துவிட்டாலும் ஒப்பீடு சரியாகிவிடாது. லேனுக்கு எவ்வளவு ஏற்றுகிறீர்கள், ஏற்றியது சமமா என்று பார்க்கும் கட்டுப்பாட்டுப் புரதம் என்ன?

கேட்டவர்: மைக்ரோசோம் (செல்லை உடைத்துப் பிரித்த சவ்வுத் துணுக்குகள்) புரதம் 20 மைக்ரோகிராம். கட்டுப்பாடு ஆக்டின்.

பதில் 2: ஆக்டின் சைட்டோபிளாசப் புரதம். சவ்வோடு அதில் எவ்வளவு ஒட்டி வரும் என்பது சாம்பிளுக்குச் சாம்பிள் மாறும். அதைவிட முக்கியம்: நுனிச் செல்லில் நுண்குமிழிகள் (வேக்யூல்கள்) சின்னவை, முதிர்ந்த செல்லில் ஒரே பெரிய குமிழி. ஆகவே இரண்டு மைக்ரோசோமிலும் குமிழிச் சவ்வின் பங்கு ஒன்றாக இருக்காது. அதே 20 மைக்ரோகிராமில் பிளாஸ்மா சவ்வு (செல்லைச் சுற்றியுள்ள வெளிச்சவ்வு) கூடலாம், குறையலாம். டெக்ஸ்ட்ரான்–பாலிஎத்திலீன் கிளைக்கால் இருகட்டப் பிரிப்பில் மேல் அடுக்கை எடுங்கள், பிளாஸ்மா சவ்வு அதில்தான் சேரும். ஏற்றிய அளவு சமமா என்பதற்கு முழு லேனின் கூமாசிச் சாயமே போதும். பிளாஸ்மா சவ்வின் இன்னொரு புரதமான புரோட்டான் ஏடிபேஸை வைத்துச் சரிபார்க்கலாம், ஆனால் அதுவும் வேர் வளர வளர மாறக்கூடியது. நான் நம்ப மாட்டேன்.

கேட்டவர்: 37 டிகிரி வேலை செய்துவிட்டது! திட்டு போயே போய்விட்டது, முதிர்ந்த லேனில் 28-இல் அழுத்தமான பேண்ட். 55 லேசாக இன்னும் நிற்கிறது. இருகட்டப் பிரிப்புக்கு எத்தனை நுனி வேண்டும்?

பதில் 2: நூற்றுக்கணக்கில். பிளேடை நிறைய வாங்கி வையுங்கள், வெட்டியதை ஐஸ் மேலேயே போடுங்கள்.