அபோஃபிஸ் சிறுகோள் 2029: பூமியில் மோதாது என்பதை மொட்டை மாடியிலிருந்து எவ்வளவு தூரம் சரிபார்க்கலாம்?

தாம்பரம்_மொட்டைமாடி:

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மறுபடியும் அதே வீடியோ. "2029 ஏப்ரல் 13, வெள்ளிக்கிழமை, அபோஃபிஸ் விழப்போகிறது, நாசா மறைக்கிறது." கூடவே சூரியனுக்குப் பக்கத்தில் இன்னொரு சூரியன் நிற்கிற செல்போன் படம், அதுதான் நிபிரு (பூமியை மோத வருவதாகக் கிளப்பிவிட்ட கற்பனைக் கோள்) என்று பின்னணிக் குரல். இரண்டும் புருடா என்று எனக்குத் தெரியும். ஆனால் "நீ பார்த்தியா?" என்று பெரியப்பா மடக்கினால், "நாசா சொல்லுது" என்பதைத் தாண்டி என்னிடம் பதில் இல்லை. கையில் இருப்பது 10×50 பைனாகுலர், மொபைலிலும் லேப்டாப்பிலும் ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபடச் செயலி.

கேள்விகள் மூன்று. 2004ல் 2.7 சதவீத வாய்ப்பு என்று சொல்லிவிட்டுப் பிறகு பூஜ்யம் என்றது எப்படி? பைனாகுலரை வைத்து ஏதாவது செய்து காட்ட முடியுமா? அந்த இரவு இங்கிருந்து அது தெரியுமா? ஸ்டெல்லேரியத்தில் அந்தத் தேதியை வைத்தால் மொபைல் ஓர் இடமும் லேப்டாப் வேறு இடமும் காட்டுகிறது.

நீள்வட்டன்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன், அதுதான் எல்லாரும் இடறும் இடம்.

2.7 சதவீதமும் உண்மை, பூஜ்யமும் உண்மை. 2004 ஜூன் 19ல் அரிசோனாவின் கிட் பீக் ஆய்வகத்தில் அதைப் பிடித்தார்கள். இரண்டு இரவு பார்த்த பிறகு கைநழுவிப் போனது. டிசம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்ப அகப்பட்டது. இந்தச் சொற்ப அளவீடுகளை வைத்து 25 வருடம் முன்னே தள்ளிக் கணக்கிட்டால், 2029ல் அது இருக்கும் இடம் புள்ளியாக வராது. பாதை நெடுகிலும் நீண்ட ஒல்லியான பட்டையாக வரும். அந்தப் பட்டையில் பூமி எவ்வளவு பங்கை அடைக்கிறதோ அதுதான் மோதல் வாய்ப்பு.

புது அளவீடு வர வரப் பட்டை சுருங்கும். பூமியின் அளவு சுருங்காது. ஆகவே பூமி பட்டைக்குள் இருக்கும் வரை அதன் பங்கு கூடும், சதவீதம் ஏறும். பட்டையின் ஓரம் பூமியைத் தாண்டி உள்ளே ஒடுங்கியதும் சடாரென்று ஒன்றுமில்லாமல் போகும். ஏறிக்கொண்டே இருந்த எண் ஒரே நாளில் விழுந்தால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குச் சந்தேகம் வருவது இயல்புதான். ஆனால் ஆபத்தில்லாத ஒரு சிறுகோளுக்கும் இந்த எண் பெரும்பாலும் இப்படித்தான் நடந்துகொள்ளும்.

2004 டிசம்பர் 27 அன்று அபோஃபிஸ் 2.7 சதவீதத்தையும் டொரினோ அளவுகோலில் (மோதல் ஆபத்தை 0 முதல் 10 வரை மதிப்பிடுவது) 4ஐயும் தொட்டது. அதுவரை எந்தப் பொருளும் அவ்வளவு உயர்ந்ததில்லை. அதே நாளில், மார்ச் 15ல் ஸ்பேஸ்வாட்ச் என்ற சிறுகோள் தேடும் திட்டம் எடுத்திருந்த பழைய படங்களில் அது பதிவாகியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள். மூன்று மாதம் முந்தைய நிலை கிடைத்ததும் பட்டை ஒடுங்கி 2029 மோதல் அடிபட்டுப் போனது. (முந்தின நாள்தான் சுனாமி. நம்மூரில் யார் அதைக் கவனித்திருப்பார்கள்?)

2024 ஒய்ஆர்4 சிறுகோளுக்கும் இதே கதை. 2025 பிப்ரவரி 18ல் 3.1 சதவீதம் வரை ஏறி, ஒரே வாரத்துக்குள் புறக்கணிக்கத்தக்க அளவுக்கு விழுந்தது.

அபோஃபிஸைப் பொறுத்தவரை இப்போது படங்களை மட்டும் நம்பியில்லை. 2021 மார்ச்சில் சுமார் 1.7 கோடி கி.மீ. தொலைவில் அது போனபோது, அமெரிக்காவின் கோல்ட்ஸ்டோன் 70 மீட்டர் ஆன்டெனாவிலிருந்து ரேடார் அலை அனுப்பி, கிரீன் பேங்க் தொலைநோக்கியில் எதிரொலியை வாங்கினார்கள். தூரத்தில் பிழை சுமார் 150 மீட்டர்தான். 2068ல் மோதுமோ என்று மிச்சமிருந்த சந்தேகமும் அதோடு தீர்ந்தது. அடுத்த 100 வருடத்துக்கு மோதல் இல்லை. 2029ல் தரைமட்டத்திலிருந்து சுமார் 32,000 கி.மீ. உயரத்தில் போகும். புவிநிலைச் செயற்கைக்கோள்கள் இருப்பது 35,786 கி.மீ.யில். அவற்றுக்கும் கீழே என்பதால் வீடியோக்காரர்களுக்குக் கொண்டாட்டம்.

பழையலென்சு:

அந்த "இரண்டாவது சூரியன்" படத்துக்குச் சோதனை சுலபம். சூரியனே தேவையில்லை, ராத்திரியில் தெருவிளக்கு போதும். மொபைல் கேமராவில் விளக்கைத் திரையின் வலது மேல் மூலைக்குக் கொண்டுபோங்கள். இடது கீழ்ப் பக்கம் மங்கலான ஒளிப்பொட்டு ஒன்று வரும். மொபைலை அசைத்தால் விளக்கு ஒரு பக்கம் நகர, பொட்டு திரையின் நடுப்புள்ளியைத் தாண்டி எதிர்ப்பக்கம் நகரும். லென்சுக் கண்ணாடிகளுக்கும் சென்சாருக்கும் இடையில் ஒளி முன்னும் பின்னும் பட்டுத் திரும்புவதால் வருவது இது. விளக்கு நடுவுக்கு அருகே இருந்தால் பொட்டும் பக்கத்திலேயே ஒட்டிக்கொள்ளும். "நிபிரு" படங்களில் பெரும்பாலானவை அப்படி எடுத்தவைதான். மெல்லிய உயர்மேகம் இருக்கும் நாளில் சூரியனிலிருந்து 22 டிகிரி தள்ளி, அதே உயரத்தில், சூரியனைப் பார்த்த பக்கம் சிவந்து ஒரு பொட்டு தெரிந்தால் அது வேறு: பனிப்படிகங்களில் ஒளி விலகுவதால் வரும் பொய்ச்சூரியன். எதைச் சோதித்தாலும் பைனாகுலரைச் சூரியன் பக்கம் திருப்பாதீர்கள். ஒரு நொடி போதும், கண் போய்விடும்.

நிபிருவுக்குப் பெரியப்பா கேட்கிற மாதிரியே ஒரு கணக்கு இருக்கிறது. யுரேனஸ் சூரியனிலிருந்து 19 வானியல் அலகு (பூமி-சூரியன் தூரத்தைப் போல் 19 மடங்கு) தூரத்தில் இருக்கிறது, ஒளியளவு 5.7 (இந்த எண் கூடக் கூட மங்கல்). விட்டம் பூமியைப் போல் 4 மடங்கு. பூமி அளவுள்ள ஒரு கோள், அதே அளவு ஒளியைத் திருப்பி அனுப்பும் பரப்போடு, அதே தூரத்தில் இருந்தால் ஒளி 16ல் ஒரு பங்கு, அதாவது 3 எண் மங்கி 8.7. இருட்டான இடத்தில் உங்கள் 10×50க்கே அது சிக்கும். அங்கிருந்து சூரியனை நோக்கி விழுந்தால் உள்ளே வந்துசேர சுமார் 6 வருடம் ஆகும். வியாழனின் தூரத்துக்கு வரும்போது ஒளியளவு 2.7. அப்போது துருவ நட்சத்திரத்தை விடச் சற்றே மங்கல், ஊருக்குள்ளிருந்தே வெறுங்கண்ணில் தெரியும், வந்துசேர இன்னும் ஏறக்குறைய ஒரு வருடம் மிச்சம் இருக்கும். ஒரு கோளை ஒரு வருடம் உலகத்தின் கண்ணிலிருந்து ஒளிக்க எந்த அரசாங்கத்தாலும் முடியாது. முதலில் 2003 மே என்றார்கள், பிறகு 2012 டிசம்பர் 21, பிறகு 2017 செப்டம்பர் 23. தேதி மட்டும்தான் நகர்கிறது.

ராசிக்கட்டம்:

பெரியப்பாவுக்கு வயது எழுபதுக்கு மேல் என்றால் 1962 பிப்ரவரியைக் கேளுங்கள். மகர ராசியில் சூரியன், சந்திரன், புதன், சுக்கிரன், செவ்வாய், வியாழன், சனி, கேது என்று எட்டும் கூடின. அஷ்டகிரகக் கூட்டு, உலகம் அழியும் என்று நாடெங்கும் யாகம் நடந்தது. கூட்டு உண்மை, பிப்ரவரி 5ல் சூரிய கிரகணமும் உண்மை. அழிவு வரவில்லை.

ஏன் வராது என்பதற்கும் எண் உண்டு. பூமிக்கு மிக அருகே வரும்போதுகூட வெள்ளியின் ஓத விசை (கடலில் ஏற்றவற்றம் உண்டாக்கும் ஈர்ப்பு) சந்திரனுடையதில் 20,000ல் ஒரு பங்கு. வெள்ளியின் எடை சந்திரனைப் போல் 66 மடங்கு, தூரமோ 109 மடங்கு. ஓத விசைக்குத் தூரத்தை மூன்று முறை பெருக்கி வகுக்க வேண்டும், அங்கேதான் கதை முடிகிறது. வியாழன் அதைவிடவும் அற்பம். எல்லாவற்றையும் ஒரே கோட்டில் நிறுத்தினாலும் சந்திரன் தினமும் செய்வதில் தூசி அளவுதான் தேறும்.

வெஸ்டா_வேட்டை:

இரண்டாவது கேள்வி. அபோஃபிஸ் இப்போது உங்கள் பைனாகுலருக்கு எட்டாது. விட்டம் 340 மீட்டர்தான். ஆனால் "சிறுகோளின் இடத்தை முன்கூட்டிச் சொல்ல முடியும்" என்பதை வெஸ்டா என்ற பெரிய சிறுகோளை வைத்துக் காட்டலாம். சுமார் 17 மாதத்துக்கு ஒருமுறை சூரியனுக்கு நேர் எதிரே வரும். அப்போது ஒளியளவு சுமார் 5.3க்கும் 6.5க்கும் இடையில், 10×50க்கு எளிது.

செய்முறை: வெஸ்டா இருக்கும் பகுதியைச் சுற்றி 6 டிகிரி அகல வரைபடத்தை ஸ்டெல்லேரியத்தில் எடுங்கள், ஒளியளவு 8 வரையுள்ள விண்மீன்களோடு. வெஸ்டாவை அதில் மறைத்துவிடுங்கள். அது தெரிந்தால் சோதனை வீண், கண் அங்கேதான் போகும். பைனாகுலரை எல் வடிவ அடாப்டரில் மாட்டி முக்காலியில் நிறுத்துங்கள். கையில் பிடித்தால் நடுக்கத்தில் ஒளியளவு 7ஐ விட மங்கலானவை காணாமல் போகும். இருட்டில் 20 நிமிடம் கண்ணைப் பழக்கிய பிறகு, தெரிகிற எல்லா விண்மீனையும் வெள்ளைத் தாளில் புள்ளி வையுங்கள். இரண்டு இரவு கழித்து அதே பகுதியை மறுபடி. எதிர்நிலையில் வெஸ்டா ஒரு நாளைக்குக் கால் டிகிரி நகரும், இரண்டு நாளில் முழுநிலவின் அகலம். இரு தாளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து மொபைல் வெளிச்சத்துக்குக் காட்டினால் ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருக்கும். இப்போது மறைத்த வெஸ்டாவைத் திரும்பப் போட்டு ஒப்பிடுங்கள். பெரியப்பாவைக் கொண்டே புள்ளி வைக்கச் சொல்வது இன்னும் நல்லது.

கெட்டுப்போகிற இடங்கள்: நிலவு முக்கால்வாசிக்கு மேல் இருக்கும் நாள்கள், நேர மண்டலம் +5:30க்குப் பதில் வேறு ஏதோ இருப்பது, வரைபடம் தலைகீழாக இருப்பது (பைனாகுலர் நேராகக் காட்டும், தொலைநோக்கிக்கு என்று புரட்டிய அமைப்பு இருந்தால் நிறுத்துங்கள்). தாம்பரத்தில் மாடியில் தெருவிளக்கு நேராகக் கண்ணில் பட்டால் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்காருங்கள். கடலோர ஈரத்தில் லென்சில் பூஞ்சை பிடிக்கும், காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள்.

ஒரு சின்ன விஷயம்: இந்த வேலையை நம்மூரிலேயே செய்திருக்கிறார்கள். காவலூர் வானாய்வகத்தில் ஷ்மிட் தொலைநோக்கியில் சிறுகோள் தேடிய திட்டத்துக்குப் பெயரே கல்கி. 1988ல் அங்கே அகப்பட்ட ஒன்றுக்கு ராமானுஜன் பெயர், எண் 4130.

தாம்பரம்_மொட்டைமாடி:

வெஸ்டா திட்டம் பிடித்திருக்கிறது. ஸ்டெல்லேரியம் ஏன் இரண்டு இடம் காட்டுகிறது என்பது மட்டும் இன்னும் புரியவில்லை. மொபைல் தப்பா, லேப்டாப் தப்பா?

நீள்வட்டன்:

இரண்டும். ஸ்டெல்லேரியம் சிறுகோளைச் சூரியனை மட்டும் சுற்றும் நிலையான நீள்வட்டத்தில் ஓட்டுகிறது, பூமியின் ஈர்ப்பைச் சேர்ப்பதில்லை. வெஸ்டாவுக்குச் சில மாதக் கணக்கில் அது போதும். அபோஃபிஸைப் பூமி கடக்கும்போதே வளைத்துவிடும்: 324 நாளில் சூரியனைச் சுற்றுவது அதற்குப் பிறகு 426 நாள் ஆகும். தவிர, உங்கள் இரண்டு கருவியிலும் வேறுவேறு தேதிக்கான சுற்றுப்பாதை எண்கள் இருக்கும். அந்தச் சிறு வித்தியாசம், இவ்வளவு அருகில் வரும் பொருளுக்கு வானில் பல டிகிரியாகப் பெருகும்.

அந்த இரவுக்கு ஜேபிஎல் ஹொரைசன்ஸ் (நாசா ஆய்வகத்தின் இணையக் கணிப்புச் சேவை) மட்டும்தான். இலவசம், கணக்குத் திறக்க வேண்டாம். இலக்கு 99942 (அபோஃபிஸின் எண்). வகை: பார்வையாளர் அட்டவணை. இடம்: ஊர்ப் பெயரைத் தேடாமல் எண்ணாகக் கொடுங்கள், வடக்கு 12.92, கிழக்கு 80.12. நேரம் 2029 ஏப்ரல் 13, உலகநேரம் 13:00 முதல் 21:00 வரை, 10 நிமிட இடைவெளி. அளவுகளில் 4, 9, 20 ஆகிய மூன்றைத் தேர்ந்தெடுத்தால் திசையும் உயரமும், ஒளியளவு, தூரம் வந்துவிடும். உங்கள் இடத்தைக் கொடுப்பது அவசியம். அது 1 லட்சம் கி.மீ.யில் இருக்கும்போது சென்னையிலிருந்து பார்ப்பவருக்கும் 600 கி.மீ. தெற்கே இருப்பவருக்கும் வானில் மூன்றில் ஒரு டிகிரி வித்தியாசம் வரும்.

வெஸ்டா_வேட்டை:

மூன்றாவது கேள்விக்கு நேரத்தைச் சொல்லிவிடுகிறேன், இதில் நிறையப் பேர் ஏமாறப்போகிறார்கள். மிக அருகே வருவது உலகநேரம் ஏப்ரல் 13, 21:46. நமக்கு அது 14ஆம் தேதி அதிகாலை 3:16, சித்திரை முதல் நாள். அந்த நேரத்தில் அது அட்லாண்டிக்குக்கு மேலே இருக்கும், நமக்கு அடிவானத்துக்குக் கீழே போயிருக்கும். ஒளியளவு 3.1 என்ற உச்சமும் மேற்கே உள்ளவர்களுக்குத்தான். நமக்கு வாய்ப்பு 13ஆம் தேதி முன்னிரவிலிருந்து. தெற்கு வானில் தொடங்கி மேற்கே நகரும், நேரம் போகப் போகப் பிரகாசமும் வேகமும் கூடும், பிறகு மறையும். 3 மணிக்கு அலாரம் வைத்தால் ஒன்றும் கிடைக்காது.

அமாவாசையை ஒட்டிய இரவு, நிலவுத் தொந்தரவு இல்லை. கோடை இடிமேகம் உள்மாவட்டங்களில் மாலையில் கட்டும், மலை மேல் போகத் திட்டமிட்டால் மாற்று இடம் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

விமானம் என்றால் விளக்கு மினுக்கும். தாழ்வான செயற்கைக்கோள் நாலைந்து நிமிடத்தில் வானைக் கடந்துவிடும். அபோஃபிஸ் மணிக்கணக்கில் நகரும், பைனாகுலரில் பக்கத்து விண்மீனை வைத்துச் சில நிமிடம் பார்த்தால் இடம் மாறுவது தெரியும். படம் எடுக்க 50 மி.மீ. லென்ஸ், எஃப்/2, ஐஎஸ்ஓ 1600, 5 நொடி, முக்காலியில். 2 நிமிட இடைவெளியில் எடுத்த படங்களை விண்மீன்களை வைத்துப் பொருத்தி மாற்றி மாற்றிக் காட்டினால் நகர்வது அது ஒன்றுதான். கேமராவின் தானியங்கி இரைச்சல் நீக்கத்தை முன்னதாகவே அணைத்துவிடுங்கள், மங்கலான புள்ளியை இரைச்சல் என்று நினைத்து அது துடைத்துவிடும்.